காலிக் கூடை

கைலியான் ஒரு கால் ஷூவைக் கழற்றி, அதன் குதிகாலால் இரும்புக் கதவை அறைந்துகொண்டிருந்தாள்.

"யாருங்க வெளிய! கதவத் திறங்க! உள்ள ஆளு இருக்கோம்!"

டங். டங். டங். சத்தம் சரிவுப் பாதையில் இறங்கி, கீழே மூன்று அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, போன வேகத்திலேயே திரும்பி வந்தது. வெளியே இருந்து ஒரு முனகல்கூட இல்லை.

பக்கத்தில் நின்று சூயினும் கத்தினாள். "காப்பாத்துங்க! யாராச்சும் வாங்களேன்!"

நன்றாகத்தான் கத்தினாள். ஆனால் பாதிக் குரலைத் தொண்டைக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டு கத்தினாள். உருக்காலை ஓய்வுபெற்றோர் சங்கத்தின் பாட்டுக் குழுவில் பல வருஷம் பின்வரிசையில் நின்றவள். வாயை அகலமாகத் திறந்து சத்தத்தைச் சிறிதாக விடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

யாரும் வரக் கூடாது. சாயங்கால ரயில் கிளம்பும் வரை யாருமே வரக் கூடாது.

ஏனென்றால், அந்தக் கதவு தவறுதலாகப் பூட்டப்படவில்லை. பூட்ட வைத்தவளே சூயின்தான்.

காரணம், தாங்தாங் என்ற ஐந்து வயதுக் குழந்தை. சூயினுக்கு மகள் வழிப் பேத்தி. கைலியானுக்கு மகன் வழிப் பேத்தி. கைலியானின் மகன் மலைச்சாலையில் லாரியோடு உருண்டு போனான். சூயினின் மகள் வென்ஜிங் பிழைப்புத் தேடித் தெற்கே கடலோரம் சியாமென் நகருக்குப் போனாள். குழந்தை கைலியானிடம் வளர்ந்தது. இப்போது வென்ஜிங் காலூன்றிவிட்டாள். நிரந்தர வேலை, சின்னதாக ஒரு வீடு, மறுமணத்துக்கும் பேச்சு முடிந்துவிட்டது. புத்தாண்டுக்கு வந்து மகளைக் கேட்டபோது, கைலியான் படிக்கட்டில் நின்று ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என் மகன்ல மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான். என் உசுரு போன பொறவு வந்து தூக்கிட்டுப் போ."

அன்றிலிருந்து சம்பந்திகளுக்குள் பேச்சு கிடையாது. எதிரில் வந்தால் ஒருத்தி தெருவைக் கடப்பாள்.

வென்ஜிங் முந்தாநாள் இருட்டில் வந்து இறங்கி, சூயின் வீட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அந்த ஊர் வழக்கப்படி, ஊரை விட்டுக் கிளம்புகிறவர் வயிற்றில் கொழுக்கட்டை இறங்கியாக வேண்டும். வந்து சேருகிறவருக்குத்தான் நூடுல்ஸ். அதற்காகச் சூயின் இன்று விடியுமுன்பே, பக்கத்து வீட்டுக்குக் கத்திச் சத்தம் கேட்காமல் கறியைக் கொத்தி, கொழுக்கட்டை பிடித்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

திட்டம் இதுதான். மதியத் தூக்கம் முடிந்ததும் வென்ஜிங் மழலையர் பள்ளிக்குப் போய்க் குழந்தையைக் கேட்பாள். பிள்ளையைக் கூட்டிப்போகும் அட்டை கைலியான் கழுத்தில் நீலக் கயிற்றில் எப்போதும் தொங்கும். அட்டை இல்லையென்றால் டீச்சர் பாட்டிக்குப் போன் போடுவாள். பாட்டி எடுத்துக் கத்தினால் கதை முடிந்தது. பாட்டி எடுக்கவே இல்லையென்றால், பெற்றவள் பெற்றவள்தான். அப்புறம் ரயில். ரயில் கிளம்பும் வரை கைலியான் கையில் போன் இருக்கக் கூடாது. ஊருக்குள் அவள் காலும் படக் கூடாது.

வென்ஜிங் குறித்திருந்த அதே நாளில் வரும் சங்கத்தின் இந்த ஒருநாள் சுற்றுலாவில் கைலியான் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே சூயினுக்குப் பொறி தட்டியது. சுற்றுலா போகிற கருமேட்டுக் கல்லறைகளுக்கு அவள் போன இலையுதிர் காலத்திலேயே ஒருமுறை வந்திருந்தாள். கோபிப் பாலைவனத்துக்கு அடியில், சரிவாக இறங்கிப் போனால், செங்கல் செங்கலாக ஓவியம் தீட்டிய அறைகள். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால், காவலர் லோ வாசலில் ஒரு மூங்கில் கூடையை வைத்து எல்லோர் போனையும் அதில் போடச் சொல்வார். வெளியே வருகிறவர்கள் அவரவர் போனை எடுத்துக்கொள்வார்கள். கூடை காலியானால் கல்லறை காலி. லோ எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

"போன விட்டுட்டு எவன் இருப்பான்? பெத்த புள்ளைய மறந்தாலும் மறப்பாங்க, போன மறக்க மாட்டாங்க" என்று அன்றைக்கு அவர் சிரித்தது சூயின் மனதில் அப்படியே இருந்தது.

பாட்டுக் குழுத் தலைவி காவ் உதவிக்கு ஒப்புக்கொண்டாள். கூடையிலிருந்து இரண்டு போனையும் தன் போனோடு சேர்த்து அள்ளிக்கொள்வது அவள் வேலை. ஒருத்தி இன்னொருத்தியின் பையை, சால்வையை, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போவது அந்தக் கூட்டத்தில் அன்றாடம் நடப்பது. யாருக்கும் சந்தேகம் வராது. கொடி பிடித்து வரும் வழிகாட்டிப் பெண்ணிடம், சம்பந்திகள் இருவரும் ராசியாகிச் சொந்தக்காரர் காரில் கிளம்பிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பஸ் பழைய கோட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகும். ரயில் கிளம்பிய பிறகு காவ் நெற்றியில் அடித்துக்கொண்டு லோவுக்குப் போன் போடுவாள்.

மிச்சம் இருந்தது கைலியானை உள்ளே நிறுத்துவது. அதுதான் சுலபமாக இருந்தது. எல்லோரும் மேலே ஏறும்போது, சூயின் கடைசி அறையில் மயக்கம் வந்ததுபோல் சுவரோடு சாய்ந்து முனகினாள். அவ்வளவுதான். கைலியான் ஆலை மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள். முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டு, பேசாத சம்பந்தியிடம் திரும்பி வந்துவிட்டாள்.

மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு விளக்கு அணைந்தது.

*

"எத்தன தட்டுனாலும் வேலைக்காகாது" என்றாள் கைலியான். ஷூவை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த சின்ன டார்ச்சைச் சூயின் முகத்தில் அடித்தாள். ஓவியம் பார்ப்பதற்கு என்று வழிகாட்டி கொடுத்த டார்ச் அது. "நாடியக் காட்டுங்க."

"இப்பப் பரவால்ல."

"பரவால்லயான்னு நான் சொல்லணும். காட்டுங்க."

மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன இது, குதிரை ஓடுது? மயக்கம் போட்ட நாடி இப்படி இருக்காதே."

"பயத்துல இருக்கும்."

"பயமாத்தான் இருக்கும். சாவறதுக்கு முன்னாடியே சமாதிக்குள்ள வந்தா? அதுவும் யார்கூட!" கைலியான் மூக்கால் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரே தனி மேட்டுல தனியாப் படுத்திருக்காரு. நான் உங்ககூட ஒரே குழியில. விதியப் பாருங்க சம்பந்தியம்மா."

"நானா ஆசைப்பட்டேன்?" என்றாள் சூயின். பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது.

கைலியான் மறுபடி கதவைப் பார்த்தாள். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்தப் பை அவளை விட்டு இறங்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் சூரியகாந்தி விதையும் ஆட்டுக்கறி ரொட்டியும் கை மாற்றிக்கொண்டபோதுகூட, இவள் பையைத் திறக்கவில்லை. உள்ளே துண்டால் சுற்றிய தகர டப்பா ஒன்று இருப்பதைச் சூயின் பார்த்திருந்தாள். கஞ்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

"பஸ் நாலு மணிக்குக் கோட்டையில இருந்து கிளம்பும்" என்றாள் கைலியான். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. "அஞ்சு மணிக்குள்ள நான் ஊர்ல இருக்கணும்."

"அப்படி என்ன அவசரம்?"

"உங்களுக்கு எதுக்கு?"

எனக்கு எதுக்கா? எனக்குத் தெரியாதா? சூயின் இருட்டில் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். குழந்தையைக் கூப்பிடப் போக வேண்டும். போ, போ. போய்ப் பார். அங்கே குழந்தை இருந்தால்தானே?

கைலியான் சரிவில் இறங்கினாள். வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். சூயினும் பின்னாலேயே போனாள். டார்ச் வெளிச்சம் செங்கற்களில் தத்தித் தத்திப் போனது. ஏர் உழுகிற ஒருவன். பன்றியை மேசையில் கிடத்திய ஒருவன். கம்பியில் கறி கோத்து நெருப்பில் வாட்டுகிற ஒருவன்.

"ஆயிரத்தெழுநூறு வருஷமா வாட்டிக்கிட்டே இருக்கான்" என்றாள் கைலியான். "ஒரு துண்டு குடுக்கறானா பாருங்க."

"உங்க டப்பாவுல இருக்கறத நீங்க குடுக்கறீங்களா?"

"அது உங்களுக்கில்ல."

வெடுக்கென்று வந்த பதிலில் சூயினுக்குக் காது சுட்டது.

நடு அறையில் கைலியான் நின்றாள். கயிற்றுத் தடுப்புக்குப் பின்னால், சுவரோரம் வெள்ளைப் பெட்டி ஒன்று. அதில் பச்சைப் பொட்டு வெளிச்சம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

சூயின் கயிற்றுத் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். உள்ளே இறங்கியதுமே லோ எல்லோருக்கும் சொன்னார். 'இந்தப் பெட்டிகிட்டப் போயி மூச்சு விடாதீங்க. ஈரம் பட்டா ஓவியம் உரிஞ்சு போகும்னு வெச்சிருக்காங்க. கொஞ்சம் ஈரம் ஏறுனாலும் என் ரூம்ல மணி அடிச்சுக் காதக் கிழிச்சிடும். பேட்டரியில ஓடுது, கரண்ட் போனாலும் விடாது.' முழங்காலை இழுத்துக்கொண்டு சரிவில் கடைசியாக இறங்கிவந்த கைலியான் அதைக் கேட்கவில்லை.

"கரண்ட் மீட்டரு" என்றாள் சூயின்.

"கல்லறைக்குள்ளயா?"

"ஆமா. பின்ன விளக்கு எப்படி எரியும்?"

கைலியான் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

*

முதலில் அது தூரத்தில் லாரி போகிற சத்தம் போல இருந்தது. சூயின் தலையை நிமிர்த்தினாள். லாரி போய்விடவில்லை. வந்துகொண்டே இருந்தது. பிறகு கதவு நடுங்கியது. கதவின் அடியில் இருந்த மெல்லிய வெளிச்சக் கோடு மஞ்சளாகி, பழுப்பாகி, இல்லாமல் போனது.

"புழுதிப் புயல்" என்றாள் கைலியான்.

இருவரும் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கதவிடுக்கில் மணல் சீறிக்கொண்டு உள்ளே வந்தது. மாவு சலிக்கிற மாதிரி மெல்லிய, ஓயாத சத்தம்.

இது திட்டத்தில் இல்லை.

சூயினின் மூளை ஓடியது. புயல் என்றால் பஸ் ஊர் போய்ச் சேராது. கோட்டையடியில் நிற்கும், அல்லது நடுவழியில். போன் டவர் விழுந்தால் காவின் போன் வேலை செய்யாது. பஸ்ஸே கவிழ்ந்திருந்தால்? தாங்கள் இங்கே இருப்பது காவ் ஒருத்திக்குத்தான் தெரியும். காவ் இல்லையென்றால் யாருக்கும் தெரியாது. லோ கணக்கில் இந்தக் கல்லறை காலி. மணல் கதவை மூடிவிட்டால், அடுத்த பயணிகள் வரும் வரை... அடுத்த பயணிகள் எப்போது வருவார்கள்?

திடீரென்று கூரை தாழ்ந்து வருகிற மாதிரி இருந்தது. சூயின் பாய்ந்து போய் இரண்டு கையாலும் கதவை அடித்தாள்.

"லோ அண்ணே! லோ அண்ணே! திறங்க! செத்துப்போயிடுவோம்! திறங்க!"

இந்த முறை தொண்டையில் மிச்சம் எதையும் வைக்கவில்லை. வாய் நிறைய மணல்தான் வந்தது. இருமினாள். இருமல் நிற்கவில்லை. மூச்சு உள்ளே போக மறுத்தது. கால் மடிந்து சரிவில் உட்கார்ந்தாள்.

ஒரு கை அவள் அக்குளுக்குள் நுழைந்து தூக்கியது.

"எந்திரிங்க. இங்க இருந்தா மண்ணுதான் திம்போம். கீழ வாங்க." கைலியான் அவளைக் கடைசி அறை வரை இழுத்துக்கொண்டு போனாள். தன் கழுத்துச் சால்வையில் ஃபிளாஸ்க் தேநீரை ஊற்றி நனைத்து, அவள் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டினாள். "மூச்ச இழுக்காதீங்க. வெளிய விடுங்க. முழுசா விடுங்க. இழுக்கறது அதுவா நடக்கும். விடுங்க... ம்... இன்னும்."

சூயின் விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அறை அதன் பழைய இடத்துக்குப் போனது.

"இப்பதான் நிஜமா மயக்கம் வந்த மூஞ்சி" என்றாள் கைலியான்.

சூயின் அவளைப் பார்த்தாள். டார்ச் மங்கிக்கொண்டிருந்தது, முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஆறேழு அடி தூரத்தில், நடு அறையில் பச்சைப் பொட்டு மின்னியது. எழுந்து போய் ஒரு வாய் ஊதினால் போதும். லோவின் அறையில் மணி அடிக்கும். கதவு திறக்கும். காற்று வரும்.

ஆனால் ரயில் இன்னும் கிளம்பியிருக்காது.

லோவிடம் போன் இருக்கும். கைலியான் பிடுங்கி ரயில்வே போலீசுக்குப் பேசுவாள். குழந்தையைக் கடத்திவிட்டார்கள் என்று சொன்னால் போதும். ஊரெல்லாம் அவளுக்குத் தெரிந்தவர்கள். பாதிப் போலீஸ்காரர்களுக்கு ஊசி போட்டவளே அவள்தான். வென்ஜிங் நடைமேடையில் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுவாள்.

சூயின் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பொறியைச் செய்யும்போது, அதற்குள் தானும் உட்கார வேண்டியிருக்கும் என்பதை அவள் ஒரு சின்ன விஷயமாக நினைத்திருந்தாள்.

"மணி என்ன?" என்றாள் கைலியான். சூயின் கையில்தான் இருட்டில் ஒளிரும் பழைய கடிகாரம் இருந்தது.

"மூணு தாண்டிடுச்சு."

பள்ளியில் மதியத் தூக்கம் முடிகிற நேரம். இந்நேரம் வென்ஜிங் வாசலில் நிற்பாள். சூயின் கைலியானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலறுவாள், கதவில் மோதுவாள் என்று எதிர்பார்த்தாள். கைலியான் அப்படி எதுவும் செய்யவில்லை. "மூணா" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தின் நீலக் கயிற்றைச் சட்டைக்கு மேலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கத்திக் களைத்துவிட்டாள் போலிருக்கிறது.

கடிகாரத்தில் நாலு தாண்டியபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"தாங்தாங் எப்படித் தூங்குவான்னு தெரியுமா உங்களுக்கு?"

சூயின் விறைத்தாள். "கண்ண மூடித் தூங்குவா."

"பாட்டுப் பாடக் கூடாது. பாடுனா எழுந்து உக்காந்து கூடப் பாடுவா. இடது காது மடல மெதுவாப் புடிச்சு விடணும். வலது காது இல்ல. வலதத் தொட்டா கோவம் வரும்."

"அவ அம்மாவுக்குத் தெரியாதா இதெல்லாம்?"

"தெரியாது. அவ போறப்ப இது கைக்குழந்தை." குரலில் சண்டை இல்லை. சூயினுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. "இறால் கூடாது. நண்டு கூடாது. ஒரு தடவ வாயில பட்டுட்டு உடம்பெல்லாம் தடிச்சு, ராத்திரியெல்லாம் நான் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கடல்ல வர்றது எதுவுமே வேணாம். கேரட்ட நறுக்கித் தட்டுல வெச்சாத் தொட மாட்டா. கொழுக்கட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சா திம்பா."

அடுக்குகிறாள், என்று நினைத்தாள் சூயின். பெற்றவளுக்கு வளர்க்கத் தெரியாது என்பதற்குச் சாட்சி அடுக்குகிறாள். இதையெல்லாம் கோர்ட்டில் சொல்லுவாள். சொல்லட்டும்.

"பொம்பளப்புள்ளைக்கு அம்மாதான் வேணும்" என்றாள் சூயின்.

கைலியான் எழுந்து, மணல் வழுக்கும் சரிவில் ஒரு காலை இழுத்து ஏறிப்போய், மறுபடி கதவை அறைய ஆரம்பித்தாள். டங். டங். மூன்று மணியைச் சும்மா தாண்டவிட்டவள், இப்போது வெறி பிடித்தவள் மாதிரி அடித்தாள். ஷூ வாய் பிளந்தது. பிறகு உள்ளங்கையால் அடித்தாள். பிறகு சத்தம் ஈரமாகக் கேட்டது.

"போதும் விடுங்க! கை போயிடும்!"

"பஸ் போயிருக்கும்" என்றது இருட்டிலிருந்து குரல். "லாரி எதுனா புடிச்சாக்கூட போயிடலாம். இப்பத் திறந்தாக்கூட போயிடலாம். அஞ்சேகாலுக்குப் போயி நின்னாக்கூடப் போதும். கடவுளே, ஒரே ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம். அந்தச் சொல் சூயினை எழுப்பி நடு அறை வரை நடத்திக்கொண்டு போய்விட்டது. கயிற்றுத் தடுப்பில் இடுப்பு இடித்தது. பச்சைப் பொட்டு அவள் முகத்துக்கு நேரே மின்னியது. பக்கத்துச் செங்கல்லில் பெண்ணொருத்தி முசுக்கட்டை இலை பறித்துக்கொண்டிருந்தாள். காலடியில் குழந்தை ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சூயின் வாயில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்தாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் பிள்ளையைத் தானே திருட வேண்டியிருக்கிறதே என்று காலையில் மகள் கேட்டது நினைவுக்கு வந்தது.

சால்வையை மறுபடி கட்டிக்கொண்டாள். திரும்பிப் போய் மூலையில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டாள்.

*

டார்ச் செத்தது. கதவுச் சத்தமும் எப்போதோ நின்றுவிட்டது. கைலியான் வந்து எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கடிகார முள், ரயில் கிளம்பும் ஐந்தரையைத் தொட்டது. சூயின் இன்னும் சற்று நேரம் காத்திருந்தாள். ரயில் நகரட்டும். நடைமேடையைத் தாண்டட்டும். பாலத்தைத் தாண்டட்டும்.

பிறகு எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு நடு அறைக்குப் போய், தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஆவி பறக்கும் தேநீரைப் பெட்டிக்கு அடியில் பிடித்தாள். பச்சைப் பொட்டு தடுமாறியது. சிவந்தது. அப்படியே நிலைத்து நின்றது.

"என்ன பண்றீங்க?" என்றாள் கைலியான்.

சூயின் ஃபிளாஸ்க்கை அப்படியே பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பதில் தானாகவே வந்தது. மேலே மண்வாரியின் சத்தம், பூட்டின் சத்தம், பிறகு பழுப்பு வெளிச்சம். லோ கைவிளக்கோடு சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கினார்.

"ஐயையோ! ஐயையோ! நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா... கூடை காலியா இருந்துச்சேம்மா! நான் பாத்தேனே, கூடை காலியா இருந்துச்சே!"

"மணி என்ன?" என்றாள் கைலியான்.

"ஆறாகப் போவுதும்மா."

கைலியான் தலையை ஒருமுறை ஆட்டினாள். அவள் கண், லோவின் விளக்கைத் தாண்டி, சிவப்புப் பொட்டைப் பார்த்தது. பிறகு சூயின் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தது.

"கரண்ட் மீட்டருன்னு சொன்னீங்க" என்றாள்.

வெளியே புயல் ஓய்ந்து, வானம் செம்மண் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. காற்றை முகம் நிறைய வாங்கியதும் சூயினுக்குத் தைரியமும் சேர்ந்து வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஆமா, தெரிஞ்சேதான் சொன்னேன். கதவப் பூட்ட வெச்சதும் நான்தான். ரயில் போயிடுச்சு சம்பந்தியம்மா. தாங்தாங் அவ அம்மாகூடப் போயிட்டா. இனிமே நீங்க யாருக்குப் போன் பண்ணாலும் ஒண்ணும் நடக்காது. அடிக்கணும்னா அடிங்க. நான் வாங்கிக்கறேன்."

லோ வாயைப் பிளந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கைலியான் அடிக்கவில்லை. கருங்கல் படியில் மெல்ல உட்கார்ந்தாள். ரத்தம் கசிந்த உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தாள். துணிப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, துண்டைப் பிரித்து, மூடியைத் திறந்து படியில் வைத்தாள்.

"இந்தாங்க. குடுக்கறீங்களான்னு கேட்டீங்களே. இனிமே யாரு திங்கப் போறா?"

உள்ளே வரிசையாகக் கொழுக்கட்டைகள். பெரியவர் வாய்க்கு ஒரு கடிகூடக் காணாத அளவு. ஒவ்வொன்றும் எலிக்குஞ்சு மாதிரி பிடித்தது. கூரான மூக்கு, கண்ணுக்கு இரண்டு கறுப்பு எள், கிள்ளி இழுத்த வால். மெல்லிய மாவுக்குள் கேரட்டின் சிவப்பு தெரிந்தது.

சூயின் ஒன்றை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். கொழுக்கட்டை கிளம்புகிறவர்களுக்கு அல்லவா?

"அண்ணே, உங்க போனக் குடுங்க" என்றாள். விரல் மகளின் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தியது. மூன்றாம் முறை மணி போனது. தண்டவாளச் சத்தம் கேட்டது.

"அம்மாவா? ஏறிட்டோம்மா! அவ ஜன்னல்லயே இருக்கா. டீச்சர் ஒண்ணுமே கேக்கலம்மா. அத்தை காலையிலயே புள்ளையோட துணிமணியும் அட்டையும் குடுத்து, 'அவ அம்மா வருவா, அனுப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். ரயில்ல வந்து கூட்டிட்டுப் போறேன்னு நான் போன்ல சொன்னத, இந்தக் குட்டிப் பிசாசு போன வாரமே பாட்டிகிட்ட உளறி வெச்சிருக்கா. பள்ளிக்கூட வாசல்ல நின்னா புள்ளைய விடக் கை வராதுன்னுதான் சுத்துலாவுக்கு வந்தாங்களாம். ஆனா ரயிலுக்கு வந்துடுவேன், புள்ளைக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து குடுக்கறேன்னு டீச்சர்கிட்ட அத்தனை தடவ சொன்னாங்களாம்மா. கார்டு விசில் ஊதற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ரயில் படியிலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தோம். அத்தை ஏம்மா வரல?"